ஜேன் ஒஸ்ரின் அம்மையாரும் அவர்தங் காலமும்

எமது கல்லூரியின் மேல்வகுப்பிலே ஆங்கில இலக்கியம் பயின்ற ஆண்டில், ஜேன் ஒஸ்ரின் அம்மையாரின் “பிறைட் அண்ட் பிறெஜுடிஸ்” எமக்குப் பாடநூலாக வாய்த்தது. செருக்கும் முற்கோளும் என அத்தலைப்பைத் தமிழிற் கூறலாம். அயலிலுள்ள மாளிகையிற் பெருஞ்செல்வனாகிய இளைஞன் ஒருவன் குடிவந்தான் என்று கேள்வியுற்றதும், ஐந்து பெண்களைப் பெற்ற பென்னற் அம்மாள் நிலைகொள்ளாது பரபரப்பதைப் படித்தபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியர் மாத்திரஞ் சிரித்திலர். “தம்பிமாரே, சிரிக்குமுன் கணக்கைப் பாருங்கள்” எனக் கூறிக் கரும்பலகையில் மூன்று எண்களை எழுதினார்: 2000, 5000, 5. முதலாவது பென்னற் குடும்பத்தின் ஆண்டு வருமானம், பவுணில். இரண்டாவது தாய்க்கும் பிள்ளைகளுக்குமென எழுதிவைக்கப்பட்ட முதல். மூன்றாவது பெண்மக்களின் தொகை. “தகப்பன் கண்மூடிய மறுநாள் இந்தக் குடும்பம் எதைக்கொண்டு உலை வைக்கும்?” என்று வினவினார். ஒருவரும் விடை கூறவில்லை. தம் தங்கையர் மூவருக்குஞ் சீதனந் தேடிக் கொடுத்த பின்னரே, நாற்பதை அணுகும் வயதில், அவர் தாம் மணஞ் செய்தவர் என்பதைப் பழைய மாணவராகிய பின்னரே யாம் அறிந்தோம்.

அன்று தொடங்கிய பித்து இன்றும் எம்மை விட்டபாடில்லை. அம்மையார் எழுதி முடித்த நாவல்கள் ஆறேயாதலின், அவற்றைப் பன்முறை படித்தல் எவர்க்கும் அரிதன்று. படித்தவர் அடுத்து நாடுவன அவருடைய கடிதங்கள். அவற்றின் பின் அவர் காலத்துச் சட்டம், கடற்படை, தபால், வட்டிவீதம் என ஒவ்வொன்றாக நாடத் தலைப்படுவர். எம்மையொத்த பித்தர் உலகெங்கும் உளர். அவர்களைக் குறிக்க “ஜேனைற்ஸ்” என்னும் பெயரும் ஆங்கிலத்தில் உண்டு. முதலாம் உலகப் போரிற் பீரங்கிப் படையினர் சிலர் இந்நாவல்களை ஓர் இரகசியச் சங்கத்தின் மறைமொழிபோற் போற்றியதாகக் கிப்ளிங் 1924 இல் அப்பெயரால் ஒரு சிறுகதை எழுதினார். இக்காலத்திலே திரைப்படங்களின் வாயிலாக அம்மையாரை அறிந்தோர்க்கு அவர் காலம் என்பது தொப்பியும் நடனமும் குதிரை வண்டியுமே. அவற்றை யாம் வெறுப்போமல்லேம். ஆயினும் நடனவிருந்துகளை நிலவு நாட்களிலேயே வைத்தனர் என்பதும், தெருவிளக்கில்லாத நாட்டுப்புறத்தில் வண்டி குடைசாயாமல் வீடு திரும்புதற்கே அவ்வாறு செய்தனர் என்பதும் தெரிந்த பின்னரே அந்நடனங்கள் எமக்குச் சுவை தந்தன.

அம்மையார் 1775 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆந் திகதி, இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஹம்ஷயரில், ஸ்ரீவன்ரன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். பிள்ளைகள் எண்மர், அறுவர் ஆண்கள், இருவர் பெண்கள். பிரான்சியப் புரட்சி வெடித்தபோது அம்மையாருக்கு வயது 13. இங்கிலாந்து பிரான்சோடு போர் தொடுத்த 1793 இல் அவருக்கு 17. அப்போர் இடையிடையே ஓய்ந்து 1815 இல் வாட்டர்லூவில் முடிந்தது. அதன்பின் ஈராண்டே அவர் உயிரோடிருந்தார். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சித்தங்கலங்கியமையால் அவர் மகன் பதிலாளராய் ஆண்ட 1811 முதல் 1820 வரையான காலத்தையே “றீஜன்சி” காலம் என்பர். அம்மையார் வாழ்நாளில் வெளிவந்த நூல்கள் நான்கும் அக்காலத்தின் முற்பாதியைச் சேர்ந்தவை.

இத்துணைப் பெரிய போர் நடக்கையில் அதைப்பற்றி ஒரு சொல்லுஞ் சொல்லாது, நாலு குடும்பங்களின் கலியாணப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார் என்று அம்மையாரைக் குறைகூறுவோர் உளர். இது மேலோட்டமாகப் படித்தோர் கூற்று. அவர்தம் மாமன் மகளாகிய எலைசாவின் கணவர் 1794 இற் பாரிசிலே கில்லற்றின் பொறியில் தலையிழந்தவர். தமையன் பிரான்சிசும் தம்பி சாள்சும் கடற்படையினர். போர் அவர் வீட்டு மேசையில் இருந்தது. “பிறைட் அண்ட் பிறெஜுடிஸ்” கதையில் மெறிற்றன் என்னும் ஊருக்குச் சிவப்புச் சட்டைப் படையினர் ஏன் வந்தனர்? பிரான்சியர் கரையேறுவர் என்ற அச்சத்தால் நாட்டுக்குள் ஊர்தோறுந் தங்கவைக்கப்பட்ட உள்ளூர்ப் படை அது. விக்கம் என்னுங் கயவன் அப்படையோடு வந்து, அப்படையோடு பிறைற்றன் பாசறைக்குச் சென்று, அங்கிருந்து பென்னற் வீட்டு இளைய பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடுகின்றான். போரில்லையேற் கதையே இல்லை. அக்கால வாசகர் அறிந்திருந்ததை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை ஆசிரியருக்கு இருக்கவில்லை, நாமே அறியாதவர்.

இனிக் கணக்குக்கு வருவோம். பென்னற் ஐயாவின் நிலம் ஆண்டுக்கு 2000 பவுண் தருவது. ஆனால் அந்நிலம் ஆண்வழிக்கே உரியதென முன்னோர் எழுதிவைத்த கட்டு ஒன்றுண்டு. ஆகவே அவர் இறந்ததும் அது தூரத்து உறவினராகிய கொலின்ஸ் என்னும் பாதிரியாரைச் சேரும். அம்மாள் பிரக்கிராசியார் ஒருவரின் மகள். அவள் கொண்டுவந்தது 4000 பவுண். தாய்க்கும் பிள்ளைகளுக்கும் எழுதப்பட்ட 5000 பவுணைத் தாய் இறந்தபின் ஐவரும் பங்கிட்டால் ஒருத்திக்கு 1000. அதற்கு நூற்றுக்கு நாலு வட்டியெனில் ஆண்டுக்கு 40 பவுண். வயலிற் கூலிவேலை செய்தோன் ஒருவன் ஆண்டு முழுவதும் உழைத்தும் நாற்பது பவுணைக் காண்பது அரிது என்பது மெய்யே. ஆனால் வேலைசெய்து பழகாத, வேலைசெய்தால் மதிப்பிழக்கின்ற குடும்பத்துப் பெண்ணுக்கு அது பசியைத் தடுக்குமேயன்றி வாழ்வைத் தராது. கொலின்ஸ் எலிசபெத்திடந் தம்மை மணக்குமாறு கேட்கும்போது இந்த ஆயிரம் பவுணையும் நாலு வட்டியையும் அவள் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டுகின்றார். எலிசபெத் மறுக்கின்றாள். நாம் மகிழ்கின்றோம். அவள் எதை மறுத்தாள் என்பதைக் கணக்கறிந்தோரே அறிவர்: தாயும் உடன்பிறந்தாரும் குடியிருக்கும் வீட்டையே மறுத்தாள்.

அதே கொலின்சை மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்ட சாளற் லூக்கஸ் என்பவளை இளமையில் யாம் இகழ்ந்தோம். அவளுக்கு வயது 27, அழகில்லை, பணமில்லை. இன்று அவளை இகழ எமக்கு மனம் வருவதில்லை. அம்மையாரும் அவளைத் தண்டித்தாரல்லர். பின்னர் எலிசபெத் அவள் வீட்டுக்குச் செல்லும்போது, கணவன் தோட்டவேலையில் ஈடுபடுமாறு சாளற் ஊக்குவதையும், அவன் அடிக்கடி வாராத பின்பக்க அறையையே தான் இருப்பதற்குத் தேர்ந்துகொண்டதையுஞ் சொல்லி நிறுத்திவிடுகின்றார். அந்த ஓர் அறையில் ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கணக்கைக் கொண்டே மனித மனத்தை உரித்துக்காட்டும் இடங்களுள் எமக்கு மிகவும் உவப்பானது “சென்ஸ் அண்ட் சென்சிபிலிற்றி” நாவலின் இரண்டாம் அதிகாரம். தந்தை மரணப்படுக்கையில் வேண்டிக்கொண்டபடி, தன் மாற்றாந்தாய்க்கும் அவள் பெண்கள் மூவருக்கும் உதவுவதாக வாக்களித்தவன் ஜோன் டாஷ்வுட். சகோதரிகளுக்குத் தலைக்கு 1000 பவுண் கொடுப்பதென முதலில் எண்ணுகிறான். மனைவி பேசுகிறாள், ஆயிரம் ஐந்நூறாகிறது. மேலும் பேசுகிறாள், தாய் உயிரோடிருக்கும்வரை ஆண்டுக்கு 100 எனச் சுருங்குகிறது. ஆண்டுதோறுங் கொடுக்கத் தொடங்கினால் அவள் நெடுங்காலம் வாழ்ந்துவிடுவாளே என்கிறாள். எப்போதாவது ஐம்பது என்றாகிறது. ஈற்றில், வீடு மாறும்போது சாமான் ஏற்ற உதவுவதும் பருவத்துக்கேற்ற மீனும் இறைச்சியும் அனுப்புவதுமே தந்தை வேண்டியவை என்று இருவரும் முடிவுசெய்து மனநிறைவடைகின்றனர். ஒருவரும் குரலுயர்த்தவில்லை, ஒரு கெட்ட சொல்லில்லை. கொடுமையை இத்துணை மரியாதையாக எழுதிய இன்னொரு பக்கத்தை யாம் படித்ததில்லை.

அந்த நான்கு பெண்களுக்கும் எஞ்சியது ஆண்டுக்கு 500 பவுண். இக்கதையின் முதல் வடிவை அம்மையார் ஏறக்குறைய 1795 இல் எழுதினார். பத்தாண்டு கழித்துக் கதை அவர் வீட்டிலேயே நிகழ்ந்தது. குடும்பம் 1801 இல் ஸ்ரீவன்ரனை விட்டுப் பாத் நகருக்குச் சென்றது. தந்தையாரின் நூல்கள் விலைப்பட்டன. 1805 ஜனவரியில் தந்தையார் காலமானார். அவருடன் அவர் குருத்துவ வருமானமும் போயிற்று. தாயாருக்குச் சிறிதளவு வட்டி வந்தது. தமக்கையார் கசாந்திராவுக்கு மணம் பேசப்பட்டிருந்த இளங் குருவானவர் மேற்கிந்தியத் தீவுகளிற் காய்ச்சலால் 1797 இல் இறந்தபோது அவருக்கு 1000 பவுண் விட்டுச்சென்றிருந்தார்; அதன் வட்டி அவருக்குரியது. ஜேன் அம்மையாருக்கு ஒரு சதமும் இல்லை. சகோதரர் நால்வர் ஆளுக்கு ஐம்பதும் நூறுமாகச் சேர்த்துக் கொடுக்க, மூன்று பெண்களும் ஏறக்குறைய 460 பவுணில் வாழத் தொடங்கினர். வாடகை அறைகள் வரவரச் சிறுத்தன. பணக்கார உறவினரின் சுவீகாரப் புத்திரனாகிப் பெருநிலங்களுக்கு உரியவராயிருந்த சகோதரர் எட்வேட், சோற்றன் என்னும் ஊரில் அவர்களுக்கு ஒரு வீடு கொடுத்தது 1809 இலேயே. நான்கரை ஆண்டு ஏன் கழிந்தது என்பதற்கு வரலாறு எழுதியோர் பல காரணங்கள் கூறுவர். எமக்கோ ஜோன் டாஷ்வுட் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடிவதில்லை.

இவ்வாண்டுகளுக்கு முன், 1802 டிசம்பரில், பெருநிலத்துக்கு வாரிசான இளைஞர் ஒருவர் அம்மையாரை மணக்கக் கேட்டார். அவர் மாலையில் உடன்பட்டு மறுநாட் காலையில் மறுத்துவிட்டார். அன்றிரவு அவர் என்ன கணக்கிட்டார் என்பதற்கு ஒரு கடிதமும் எஞ்சவில்லை.

சீதனமில்லாப் பெண்ணின் கதி என்ன என்பதை அவர் தம் குடும்பத்திலேயே வேறொரு வகையிலுங் கேட்டு வளர்ந்தவர். தந்தையாரின் தமக்கையார் பிலடெல்பியா பெற்றோரை இழந்து, இலண்டனில் தொப்பி தைக்கும் கடையிலே தொழில் பயில விடப்பட்டவர். 1752 இற் கப்பலேறிச் சென்னை வந்து, அடுத்த ஆண்டு கடலூரிலே, கும்பனியாரின் சென் டேவிட் கோட்டையில், வைத்தியர் ஒருவரை மணந்தார். ஆங்கிலேயப் பெண்கள் குறைந்த இடத்துக்கு மாப்பிள்ளை தேடி அனுப்பப்பட்ட பலருள் அவர் ஒருவர். மேலே கூறிய எலைசா அவர் மகளே. அம்மையார் பதினாறு வயதில் எழுதி முடியாது விட்ட “கத்தரின்” என்னுங் கதையில் இவ்வாறு வங்காளத்துக்கு அனுப்பப்படும் அனாதைப் பெண் ஒருத்தி வருகின்றாள். அதை நல்ல வாய்ப்பு என்பவரும் உளர், கொடுமை என்பவரும் உளர். அம்மையார் எப்பக்கஞ் சார்ந்தவர் என்பதிற் படித்தவர்க்கு ஐயமெழாது.

இங்கே யாழ்ப்பாணத்து வாசகர்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். அக்கால ஆங்கிலச் சட்டத்தின்படி மணஞ்செய்த பெண்ணின் கைப்பொருள் கணவனுடையதாகிவிடும். 1870 இலும் 1882 இலும் இயற்றப்பட்ட சட்டங்களே அந்நிலையை மாற்றின. நமது தேசவழமையோ, ஒல்லாந்தர் 1707 இல் எழுதுவித்தபோதே, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு வழிவழி இறங்குவதென்றும், மணத்தின் பின்னரும் அது தனிச் சொத்தென்றும் கொண்டிருந்தது. அதனை ஆங்கில அரசு 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் உறுதிப்படுத்தியது 1806 இல். அதே ஆண்டிலேதான் அம்மையார் சொந்த வீடின்றிப் பாத் நகரை விட்டு வெளியேறினார். சீதனம் நம் குடும்பங்களுக்கு இழைத்த துயரை யாம் மறைக்கவில்லை. எம் ஆசிரியரே அதற்குச் சான்று. எனினும் பென்னற் வீட்டுப் பெண்கள் யாழ்ப்பாணத்திற் பிறந்திருப்பின், தாயின் 4000 பவுண் யாருக்கு என்பதில் அவர்களுக்குக் கலக்கமிருந்திராது என்று எண்ணுவதுண்டு.

சோற்றன் வீட்டிலே அம்மையார் மீண்டும் எழுதுகோலை எடுத்தார். அதற்கு முன் அவர் பெற்றவை தோல்விகளே. தந்தையார் 1797 இல் ஒரு கையெழுத்துப் பிரதிபற்றி எழுதிய கடிதத்தை இலண்டன் பதிப்பாளர் ஏற்காமலே திருப்பினார். 1803 இல் “சூசன்” என்னும் நாவலை வேறொருவர் 10 பவுணுக்கு வாங்கி அச்சிடாமல் வைத்துக்கொண்டார். அதே 10 பவுணைக் கொடுத்து மீட்டது 1816 இலேயே. “சென்ஸ் அண்ட் சென்சிபிலிற்றி” 1811 இல் அம்மையாரின் சொந்தப் பொறுப்பில் வெளிவந்தது. நட்டமேற்படின் அவரே ஈடுசெய்ய வேண்டும். ஆசிரியர் பெயரிருக்க வேண்டிய இடத்தில் “ஒரு சீமாட்டி” என்றே இருந்தது. முதற்பதிப்பு முழுதும் விற்று 140 பவுண் தந்தது. அது கைக்கு வருமுன்னரே “பிறைட் அண்ட் பிறெஜுடிஸ்” நாவலின் உரிமையை 110 பவுணுக்கு விற்றுவிட்டார். அவர் விரும்பியது 150. 1813 இல் வெளியான அந்நூல் பின்னர் எத்தனை பதிப்புக் கண்டது என்பதை எண்ணுவார் இல்லை. வாழ்நாள் முழுவதும் அவர் எழுத்தாற் பெற்றது 600 பவுணுக்குச் சற்று மேல். அதிற் 600 ஐ நூற்றுக்கு ஐந்து வட்டி தருங் கடற்படைப் பத்திரத்தில் இட்டு ஆண்டுக்கு 30 பவுண் பெற்றார். பென்னற் வீட்டுப் பெண்ணுக்கு அவர் கதையில் ஒதுக்கிய 40 ஐயும் அவர் எட்டவில்லை.

2017 இல், அவர் மறைந்து இருநூறாண்டு நிறைந்தபோது, இங்கிலாந்து வங்கி அவர் உருவத்தைப் பத்துப் பவுண் தாளிலே பொறித்தது. “சூசன்” விலைபோன அதே பத்துப் பவுண். தாளிற் பொறிக்கத் தேர்ந்த வாசகமோ, புத்தகம் படிப்பதில் நாட்டமில்லாத ஒருத்தி டார்சியைக் கவர்வதற்காக நாட்டமுடையாள்போல் நடித்துக் கூறுவது. அம்மையார் இருந்திருப்பின் அன்று இரவு கசாந்திராவுக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பார்.

அவரைக் குறைகூற இடமில்லை என்று யாம் வாதிக்க வரவில்லை. அவர் கதைகளில் வயலில் நிற்போன் முகத்தை நாம் காண்பதில்லை. சமையற்காரியின் பெயர் வந்தாலும் குரல் வாராது. “நோதாங்கர் அபி” எமக்கு ஒருமுறை படித்தாற் போதுமான நூல். ஆனால் தம் வட்டத்துக்கு வெளியே அவர் பார்க்கவேயில்லை என்பதும் பொருந்தாது. “மான்ஸ்பீல்ட் பாக்” கதையிற் பெருமாளிகைக்குரிய சேர் தோமஸ் பேட்ரமுக்கு அன்ரிகுவாத் தீவில் ஆதனமுண்டு. அடிமை வியாபாரத்தைப் பற்றி ஏழை மருமகள் ஃபானி அவரிடம் கேட்டபோது அறையில் இருந்தோர் எவரும் வாய்திறக்கவில்லை என்று ஒரே இடத்தில், போகிற போக்கிற் சொல்கிறார். அவ்வியாபாரம் 1807 இலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது, அடிமைத்தனமோ தொடர்ந்தது. நூல் வந்தது 1814 இல். அம்மாளிகையின் ஓவியமும் பஞ்சணையும் எங்கிருந்து வந்தன என்பதற்கு அந்த மௌனமே விடை.

ஆறு நூல்களுள் யாம் முதலிடங் கொடுப்பது இறுதியாக எழுதிய “பெர்சுவேஷன்” என்பதற்கு. ஊதாரியான பிரபு தம் பரம்பரை மாளிகையைக் கடற்படைத் தளபதி ஒருவருக்கு வாடகைக்கு விடவேண்டிய நிலைக்கு வருகிறார். அவர் மகள் ஆன் எட்டாண்டுகளுக்கு முன், பணமில்லாதவன் என்று உற்றார் தடுத்தமையால் கைவிட்ட மாலுமி வென்ற்வேர்த், பகைவர் கப்பல்களைப் பிடித்ததற்குரிய பங்குப் பணத்தால் 25,000 பவுணுக்கு அதிபதியாய்த் திரும்புகிறான். நிலம் தாழ்கிறது, கடல் உயர்கிறது. கதை நிகழ்வது 1814 இல், நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்த சமாதான காலத்தில். மறு ஆண்டு அவன் தப்பிவந்தான் என்பதை வாசகர் அறிவர், ஆன் அறியாள். இறுதிப் பக்கத்தில், மீண்டும் போர் வருமோ என்னும் அச்சமே அவள் மகிழ்ச்சிக்குரிய வரியாக வைக்கப்படுகிறது. இதை எழுதியபோது அம்மையார் நோயுறத் தொடங்கியிருந்தார். 1817 மார்ச்சில் பணக்கார மாமனார் ஒருவர் இறந்து, தம் சொத்து முழுவதையும் மனைவிக்கே எழுதிவைத்தார் என்ற செய்தி கேட்டு நோய் முற்றியதென அவரே தம்பிக்கு எழுதினார். ஜூலை 18 ஆந் திகதி வின்செஸ்ரரில், 41 ஆவது வயதில் மறைந்தார். அவ்வூர்ப் பேராலயத்திலுள்ள அவர் கல்லறையில் அவர் நாவல் எழுதியவர் என்ற சொல்லே இல்லை.

அக்கடிதத்தைப் பெற்ற தம்பி சாள்ஸ், 1801 இல் இளம் அதிகாரியாயிருந்தபோது பிரான்சியக் கப்பலொன்றைப் பிடித்த பங்காக 30 பவுண் பெற்றவர். அப்பணத்தில் அவர் முதன்முதல் வாங்கியவை தமக்கையர் இருவருக்கும் பொற்சங்கிலிகளும் புஷ்பராகச் சிலுவைகளும். இப்படியா வீண்செலவு செய்வது என்று அம்மையார் கடிதத்தில் விளையாட்டாகக் கடிந்துகொண்டார். பின்னர் “மான்ஸ்பீல்ட் பாக்” எழுதியபோது, மாலுமித் தமையன் ஒருவன் ஃபானிக்குச் சிலுவை கொண்டுவருவதாகவும் சங்கிலி வாங்க அவனிடம் பணமில்லாது போனதாகவும் எழுதினார். அச்சிலுவைகள் இரண்டும் சோற்றன் வீட்டிலே, அது இன்று காட்சிச்சாலையாயிருக்க, வைக்கப்பட்டுள்ளன.

சாள்ஸ் படிப்படியாய் உயர்ந்து, 1850 இற் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைவரானார். இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 ஒக்ரோபர் 7 ஆந் திகதி, ஐராவதி நதியில் நோயுற்றுத் தம் 73 ஆவது வயதில் உயிர்நீத்தார். உடலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தனர். அங்குள்ள பழைய ஆங்கிலேயர் இடுகாட்டிலே அவர் கல்லறை இருக்கின்றது. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பழைய மாணவர்கள், தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில் அரைமணி நேரம் ஒதுக்கினால் அதனையுங் கண்டு வரலாம்.